கணக்கு நோட்டில் சிறுத்துக்கொண்டே வந்த கையெழுத்து

கேள்வி:

என் தந்தையார் கும்பகோணத்துக்கு அருகில் ஒரு கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பத்தோரு ஆண்டுகள் எழுத்தராக இருந்து 2010-இல் ஓய்வு பெற்றார். மறு ஆண்டே அவருக்குப் பார்க்கின்சன் நோய் இருப்பது தெரிந்தது. பதினான்கு ஆண்டுகள் அதோடு வாழ்ந்து சென்ற மாசியில் காலமானார். சம்பளத்தை அப்படியே அம்மாவிடம் கொடுத்துவிட்டு, வெற்றிலைக்குக்கூட அவரிடமே காசு கேட்டு வாங்கிக்கொண்டவர்; எங்களை விட்டால் அவருக்கு வேறு உலகம் கிடையாது. முதலாண்டு நினைவு நாளுக்கு ஒரு சிறு மலர் அச்சிட நினைக்கிறோம். நோயைப் பற்றி ஒரு வரிகூட வேண்டாம், ஐம்பது வயதில் எடுத்த படத்தைப் போட்டால் போதும் என்கிறான் தம்பி. எனக்கோ கண்ணை மூடினால் அசைவில்லாத அந்த முகந்தான் வருகிறது. 2013-இல் நடந்த என் திருமணப் படங்கள் ஒன்றிலும் அவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சம்பந்தம் பிடிக்கவில்லையோ என்று என் மாமியார் வீட்டில் இன்றும் பேச்சு உண்டு. வாசற்படியில் மரம்போல நின்றுவிடுவார். அதே மனிதர் சைக்கிளில் ஏற்றிவிட்டால் ஓட்டிக்கொண்டு போவார். வேண்டுமென்றே செய்கிறார் என்று நினைத்து நான் கத்தியிருக்கிறேன். வாசல் கோலத்தை மட்டும் மிதிக்காமல் தாண்டிவிடுகிறார் என்று கண்டுகொண்ட அம்மா, வீட்டுக்குள்ளும் கோடு போட்டு நடக்க வைத்தார். அந்த அம்மாவைத்தான் கடைசி இரண்டு ஆண்டுகள் அவர் சந்தேகப்பட்டார்: தோட்டத்தில் ஓர் ஆள் நிற்கிறான், அவனைப் பார்க்கத்தான் நீ போகிறாய் என்று. ‘இத்தனை வருஷம் மனசில் இருந்ததுதானே வெளியே வந்தது’ என்று சொல்லி அம்மா இந்த மலரிலிருந்து ஒதுங்கிவிட்டார். பூனைக்காலி விதை கொடுத்திருந்தால் குணமாகியிருப்பார் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டிருக்கிறார். போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று ஓர் இரவு நானும் நினைத்தேன். அடுத்த வாரமே போய்விட்டார். இதில் எந்த மனிதரை நாங்கள் நினைவுகூர்வது? அவர் எழுதிவந்த வீட்டுக் கணக்கு நோட்டுகளிலிருந்து 1998, 2008, 2016 ஆண்டுப் பக்கங்களின் நகல்களை அனுப்பியிருக்கிறேன்.

– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் அனுப்பிய மூன்று பக்கங்களையும் மேசைமேல் வரிசையாக வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். உங்கள் தந்தையாரின் மருத்துவக் குறிப்புகள் என்னிடம் இல்லை. ஆனாலும் ஒரு நரம்பியல் மருத்துவனுக்கு இந்தப் பக்கங்கள் நிறையச் சொல்கின்றன. எந்த மனிதரை நினைவுகூர்வது என்று நீங்கள் கேட்டிருப்பதற்கு, அவருடைய பதினான்கு ஆண்டுகளைச் சரியாகப் படிக்கத் தெரிந்தால் அங்கேயும் அவர்தான் இருக்கிறார் என்பதே என் பதில். படிக்கத் தெரியாமல் போனது உங்கள் குற்றமன்று. நோயாளியின் நடுக்கத்தைப் பற்றிப் பேசிவிட்டு மாத்திரை எழுதிக்கொடுக்கும் எங்களில் பலர், அந்த நோய் வீட்டுக்குள் எப்படியெல்லாம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் என்பதைக் குடும்பத்தாருக்குச் சொல்வதில்லை.

முதலில் கையெழுத்தை எடுத்துக்கொள்கிறேன். 1998-ஆம் ஆண்டுப் பக்கத்தில் எழுத்துகள் பதிவேட்டு எழுத்தைப்போல ஒரே உயரத்தில், கோட்டை விட்டு இறங்காமல் நிற்கின்றன. 2008-ஆம் ஆண்டுப் பக்கத்தைப் பாருங்கள்: ஒவ்வொரு வரியும் வழக்கமான அளவில் தொடங்கி, தொகை எழுதும் இடத்துக்கு வருவதற்குள் ஒடுங்கிவிடுகிறது. உங்கள் தம்பியின் விடுதிக் கட்டணம் எழுதிய வரியில் கடைசி இரண்டு எண்கள் ஏறக்குறையப் புள்ளிகளாகிவிட்டன. நோய் கண்டறியப்பட்டது 2011-இல் என்றால், அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே அது அந்த விரல்களுக்கு வந்துவிட்டது. மூளையின் அடித்தண்டுப் பகுதியில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு இடத்தில் டோபமைன் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் செல்கள் இருக்கின்றன. பார்க்கின்சன் நோயில் இவை ஆண்டுக்கணக்கில் ஓசையின்றி அழிந்துகொண்டே வருகின்றன. கை நடுங்கவும் நடை தளரவும் தொடங்கும்போது அவற்றில் கணிசமான பகுதி ஏற்கெனவே போயிருக்கும். மோப்பம் குறைவது, மலச்சிக்கல், கனவு கண்டு உறக்கத்திலேயே கை கால்களை வீசுவது ஆகியவை சிலருக்குப் பல ஆண்டுகள் முன்னதாகவே வந்துவிடும். ரசத்தில் பெருங்காயம் போடவில்லையா என்று அவர் எப்போதிலிருந்து கேட்கத் தொடங்கினார் என்று உங்கள் தாயாரிடம் ஒருமுறை விசாரித்துப் பாருங்கள்.

இன்னொன்றையும் யோசித்தேன். முப்பத்தோரு ஆண்டுகள் பிறருடைய கையொப்பத்தை மாதிரிக் கையொப்பத்தோடு ஒப்பிட்டுப் பணம் கொடுத்து வந்தவர் அவர். இந்நோயாளிகளில் பலருக்கு ஓய்வூதியத்துக்கான வாழ்நாள் சான்று கொடுக்கப் போகும்போதோ, காசோலையில் எழுதும்போதோ கையொப்பம் பொருந்தவில்லை என்று திருப்பி அனுப்பப்படும் அனுபவம் உண்டு. உங்கள் தந்தையாருக்கும் அது நேர்ந்திருக்குமானால் அவர் வீட்டில் சொல்லியிருக்க மாட்டார் என்றே நினைக்கிறேன்.

திருமணப் படங்களுக்கு வருவோம். நம் முகத்தில் இரண்டு வகைச் சிரிப்புகள் உண்டு. புகைப்படக்காரர் சொல்லும்போது உதட்டை விரித்துக் காட்டுவது ஒன்று, மகள் கழுத்தில் தாலி ஏறும்போது நாம் அறியாமலே மலர்வது இன்னொன்று. பார்க்கின்சன் நோய் முதலில் பறிப்பது இந்த இரண்டாவதைத்தான். உணர்ச்சி உள்ளே முழுமையாக இருக்கும். அதை முகத்தசைகளுக்குக் கொண்டுசேர்க்கும் வழி மட்டும் அடைபட்டுப்போகும். கண் சிமிட்டுவதும் குறைந்துவிடுவதால் பார்ப்பவர்களுக்கு அது முறைப்பாகவோ அலட்சியமாகவோ தெரியும். எங்கள் துறையில் இதற்கு முகமூடி முகம் என்றே பெயர். குரலும் இதேபோல் தாழ்ந்துவிடும்; தாம் உரக்கப் பேசுவதாகவே அவருக்குத் தோன்றும், எதிரில் இருப்பவர்க்கோ முணுமுணுப்பாகக் கேட்கும். 2013-இல் உங்கள் தந்தையாருக்கு நோய் தெரிந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. பந்தலில் நாள் முழுவதும் நின்றபடி, மாத்திரையை நேரத்துக்கு விழுங்கினாரோ இல்லையோ தெரியாத ஒரு நாளில் எடுத்த படங்கள் அவை. அந்த ஆண்டு நோட்டு உங்களிடம் இருக்குமே. திருமண நாளுக்கு முன்னும் பின்னுமான பக்கங்களைத் தேடிப் பாருங்கள். சம்பந்தம் பிடித்ததா பிடிக்கவில்லையா என்பதை அந்த முகத்தில் தேடுவதைவிட அங்கே தேடுவது நல்லது. மாமியார் வீட்டாரிடம் இந்த விளக்கத்தைச் சொல்லத் தயங்க வேண்டாம். இதை ஒரு மருத்துவர் எழுதியிருக்கிறார் என்று காட்டினாலும் சரி.

வாசற்படியில் நின்றுவிடுவது இந்நோயின் மிக விசித்திரமான குறிகளில் ஒன்று. பாதம் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல் ஆகிவிடும். குறுகலான இடம், திரும்பும் இடம், நிலைப்படி ஆகியவற்றில்தான் இது அதிகம் வரும். பின்னாலிருந்து அவசரப்படுத்தினால் இன்னும் இறுகும். நீங்கள் கத்தியபோது அவர் பிடிவாதம் பிடிப்பதுபோல் தெரிந்ததற்கு இதுவே காரணம். சைக்கிளும் அப்படித்தான். பத்தாண்டுகளாக இந்நோய் உள்ள ஒருவர் சில அடிகள்கூட நடக்க முடியாமல் விழும் நிலையிலும் சைக்கிளை லாவகமாக ஓட்டியதை நெதர்லாந்து மருத்துவர்கள் 2010-இல் மருத்துவ இதழில் பதிவுசெய்தபோது எங்கள் துறையினரே வியந்தார்கள். தானாக நிகழும் நடைக்கு மூளை ஒரு வழியைப் பயன்படுத்துகிறது; கண் முன்னே ஒரு கோடோ, காலடியில் சுழலும் மிதிகட்டையோ தூண்டும்போது வேறொரு வழி கைகொடுக்கிறது. பழுதானது முதல் வழி மட்டுமே. குறுக்கே கோடு கிடந்தால் அதைத் தாண்டுவதற்காகக் கால் எழுந்துவிடும். நடைப் பயிற்சியளிப்பவர்கள் தரையில் பட்டை ஒட்டிச் செய்வதை, உங்கள் தாயார் எவரும் சொல்லிக்கொடுக்காமல் கோலமாவை வைத்துச் செய்திருக்கிறார். கணவர் எதில் நிற்கிறார், எதைத் தாண்டுகிறார் என்று நாளெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரால்தான் இதைக் கண்டுபிடிக்க முடியும். என் முப்பது ஆண்டு மருத்துவத்தில் ஒரு குடும்பம் தானாகவே இதைக் கண்டுபிடித்ததாகக் கேட்பது இரண்டாவது முறை.

2016-ஆம் ஆண்டுப் பக்கத்தில் அதற்குச் சான்றும் இருக்கிறது. நீங்கள் கவனித்தீர்களா என்று தெரியவில்லை. பத்து நாள் கணக்குள்ள அந்த ஒரே பக்கத்தில் கோலமாவு இரண்டு முறை வாங்கியதாக எழுதியிருக்கிறார். தமக்காகப் போடும் கோடுகளுக்கு ஆகும் மாவையும் ஓர் எழுத்தருக்குரிய ஒழுங்கோடு கணக்கில் ஏற்றியிருக்கிறார். அதற்கு நான்கு வரிகளுக்குக் கீழே ‘வீட்டில் – மூக்குக் கண்ணாடி – 1,450’ என்று இருக்கிறது. அந்தத் தலைமுறை ஆண்கள் மனைவியை ‘வீட்டில்’ என்றுதான் எழுதுவார்கள். பக்கத்தில் உள்ள பிற பதிவுகளைவிட அந்த வரி சற்றுப் பெரிதாக இருக்கிறது. மாத்திரையின் வேகம் இருக்கும் நேரத்தில் எழுத்து பெரிதாகும், குறையும் நேரத்தில் சிறுக்கும் என்பது எங்களுக்குத் தெரிந்ததுதான். ஆகவே இதற்கு அதிகப் பொருள் கொள்ள மாட்டேன். ஆனால் அந்த நிலையில் ஒரு வரி எழுதுவதற்கு அவருக்குப் பல நிமிடங்கள் பிடித்திருக்கும், விரல்களில் வலியும் இருந்திருக்கும் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்.

இனி உங்கள் தாயாரின் மனக்காயம். கடிதத்தின் மற்ற எல்லாவற்றையும்விட இதுவே பெரியது. லண்டன் மருத்துவர் ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817-இல் இந்நோயை முதன்முதலாக விரிவாக விவரித்தபோது ஆறு பேரை வைத்து எழுதினார்; அவர்களில் சிலரை அவர் தெருவில் கண்டதோடு சரி. புலன்களும் அறிவும் இந்நோயில் கெடுவதில்லை என்று அவர் எழுதிவிட்டார். அந்த ஒரு கருத்து தவறு என்பது பின்னால் தெரியவந்தது. நோய் முற்றும்போது இல்லாத உருவங்கள் தெரிவது மிகச் சாதாரணம்: சிறு குழந்தைகள், நாய், பூனை, கதவோரம் நிற்கும் ஆள். நோய் மூளையில் பரவுவதும் அதற்குக் கொடுக்கும் மருந்துகளும் சேர்ந்தே இதை உண்டாக்குகின்றன. மருந்தைக் குறைத்தால் உடம்பு இறுகிவிடும், கூட்டினால் உருவங்கள் வரும் என்னும் இரண்டுக்கும் நடுவில்தான் கடைசி ஆண்டுகளில் மருத்துவர்கள் தடுமாறுவோம்.

உங்கள் தந்தையார் தோட்டத்தில் ஓர் ஆளைப் பார்த்தார். அவருக்கு அது தோற்றமன்று. நீங்கள் இந்தத் தாளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். ஒரு மனிதன் தினமும் நம் தோட்டத்தில் வந்து நிற்கிறான், வீட்டில் உள்ளவர்கள் அவனைப் பற்றிப் பேசாமல் இல்லை இல்லை என்று மறுக்கிறார்கள் என்றால், நோயால் தளர்ந்த மூளை அதற்கு ஒரு காரணம் கற்பித்துக்கொள்ளத்தானே செய்யும்? துணி காயப்போடவும் தண்ணீர் எடுக்கவும் அந்தப் பக்கம் அடிக்கடி போனவர் உங்கள் தாயார் ஒருவர்தான். வாழ்க்கைத் துணைமேல் எழும் இத்தகைய சந்தேகப் பிரமை இந்நோயில் மருத்துவர்கள் நன்கறிந்த ஒன்று. எவர் எப்போதும் அருகில் இருக்கிறாரோ, எவரை நம்பி அவர் பிழைத்திருக்கிறாரோ, அவர்மேலேயே அது விழும். குணத்தில் சந்தேகமே இல்லாத மனிதர்களும் இப்படிப் பேசி நான் கேட்டிருக்கிறேன். மருந்தைச் சீர்ப்படுத்தியபின் அவர்களில் சிலர் தாங்கள் பேசியதையே நம்ப மறுத்திருக்கிறார்கள்.

‘மனசில் இருந்ததுதானே வெளியே வந்தது’ என்று உங்கள் தாயார் சொல்வது, குடித்தவன் உண்மை பேசுவான் என்பதுபோல் ஊரில் வழங்கும் நம்பிக்கை. அதை நீங்கள் மறுத்துப் பேசினால் மகள் தகப்பனுக்குப் பரிந்து பேசுகிறாள் என்றே அவருக்குப் படும். ஆகவே உங்கள் தந்தையாருக்குச் சிகிச்சை அளித்த மருத்துவரிடம், முடிந்தால் மலர் வேலைகள் தொடங்குவதற்கு முன்பே, உங்கள் தாயாரை ஒருமுறை அழைத்துச் செல்லுங்கள். நோயாளி இறந்தபின் மருத்துவரைப் பார்க்கக் குடும்பம் போவது நம் ஊரில் வழக்கமில்லை. இது வழக்கமாக வேண்டும் என்று பல ஆண்டுகளாகச் சொல்லி வருகிறேன். முடியாவிட்டால் இந்தப் பகுதியை மட்டும் அவரிடம் படித்துக் காட்டுங்கள். சுற்றத்தார் நடுவில் வேண்டாம், பகலில், நீங்களும் அவரும் தனித்திருக்கும்போது. படித்தபின் சமாதானம் சொல்ல முயல வேண்டாம். அவர் கோபப்பட்டால் கோபப்படட்டும். பதினான்கு ஆண்டு உழைப்புக்குக் கடைசியில் கிடைத்தது ஓர் அவச்சொல் என்பதில் அவருக்கு உள்ள வலி நியாயமானது. காரணம் தெரிந்துவிட்டதால் மட்டும் அது உடனே போய்விடாது. உறக்கமின்மையும் உணவில் வெறுப்பும் தொடர்ந்தால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

சித்தப்பாவின் பூனைக்காலியை வெறும் நாட்டுப் பேச்சு என்று தள்ளிவிட மாட்டேன். டோபமைனாக மாறக்கூடிய லெவோடோபா அந்த விதையில் உண்மையாகவே இருக்கிறது. அதைப் பிரித்தெடுத்து 1937-இல் அறிவித்தவர்கள் சென்னையில் ஆய்வுசெய்த தாமோதரனும் இராமசாமியும். பார்க்கின்சன் நோய்க்கு லெவோடோபா மருந்தானது 1960-களில்தான். ஆனால் உங்கள் தந்தையார் ஆண்டுக்கணக்காக விழுங்கிய மாத்திரையிலும் அதே லெவோடோபாதான், அளந்து, துணை மருந்தோடு சேர்த்து, இருந்தது. விதையைக் கொடுத்திருந்தால் அளவு தெரியாமல் அதே பொருளைக் கொடுத்திருப்பீர்கள். தோட்டத்து ஆள் இன்னும் முன்னதாக வந்திருக்கக்கூடும். இரண்டாலும் செல்கள் அழிவதை நிறுத்த முடியாது. இதைச் சித்தப்பாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள். அண்ணனுக்காக எதையாவது செய்திருக்கலாமே என்ற ஆற்றாமைதான் அவரை அப்படிப் பேசவைக்கிறது.

போய்ச் சேர்ந்துவிட்டால் தேவலை என்று நீங்கள் நினைத்ததைப் பற்றி நீட்டி எழுத மாட்டேன். நெடுங்காலம் நோயாளியைப் பார்த்துக்கொண்டவர்களில் அதை நினைக்காத ஒருவரை நான் சந்தித்ததில்லை. வாய்விட்டுச் சொன்னவர்கள்தான் குறைவு. நினைப்புக்கும் அடுத்த வாரத்துக்கும் தொடர்பு கிடையாது. விழுங்கும் தசைகள் தளர்ந்து, உணவோ உமிழ்நீரோ நுரையீரலுக்குள் போய் நிமோனியா வருவதே இந்நோயின் கடைசிக் கட்டத்தில் பெரும்பாலும் நிகழ்வது.

மலருக்கு எந்தப் படம் என்பதில் உங்கள் தம்பியோடு வழக்காட வேண்டியதில்லை. ஐம்பது வயதுப் படம் அவன் மனத்தில் உள்ள தந்தை. வெளியூரில் படித்துக்கொண்டிருந்தவனுக்கு அந்த முகந்தான் அதிகம் பழக்கம். அது முதல் பக்கத்தில் இருக்கட்டும். ஆனால் நோயை ஒரு வரிகூட எழுதாமல் விட்டால், அறுபது வயதுக்குப் பிறகு அவர் வாழவே இல்லை என்றாகிவிடும். உங்கள் தாயார் செய்தவற்றுக்கும் அந்த மலரில் இடம் இல்லாமல் போகும். குத்துச்சண்டை வீரர் முகமது அலிக்கு 1984-இல் இந்நோய் கண்டறியப்பட்டது. 1996-இல் அட்லாண்டா ஒலிம்பிக்கில் நடுங்கும் கையோடு அவர் சுடரேற்றியதை நம் வீட்டுத் தொலைக்காட்சிகளிலும் பார்த்தோம். அவருடைய பழைய சண்டைகளை நினைப்பவர்கள் அந்தக் கையையும் சேர்த்தே நினைக்கிறார்கள். அதனால் அவர் பெருமை குறைந்ததாக எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

தோட்டத்து ஆளையும் அவர் பேசிய பேச்சையும் மலரில் எழுத வேண்டியதில்லை. அது வீட்டோடு இருக்கலாம். நோயின் பெயரை எழுதுங்கள், எத்தனை ஆண்டுகள் என்று எழுதுங்கள், அவர் முகம் சிரிக்காததன் காரணத்தை இரண்டு வரிகளில் எழுதுங்கள். உங்கள் திருமணத்துக்கு வந்திருந்தவர்கள் பலர் அந்த மலரைப் படிப்பார்கள். கோலக் கோடுகளைப் பற்றி எழுதுவதானால் முதலில் தாயாரிடம் கேளுங்கள். அவர் ஒப்பினால், எப்படிக் கண்டுபிடித்தார் என்பதை அவர் வாயாலேயே சொல்லச் சொல்லி எழுதிக்கொள்ளுங்கள். ஒப்பாவிட்டால் விட்டுவிடுங்கள். ஆனால் மூக்குக் கண்ணாடிப் பதிவுள்ள பக்கத்தை மட்டும், அச்சுக்குக் கொடுப்பதற்கு முன், அவரிடம் கொடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவர் இதுவரை அதைப் பார்த்திருக்க மாட்டார் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தப் பக்கத்தை மலரின் நடுவில் போடலாம். படிக்கத் தெரியவில்லை, பெரிதாக்கித் தருகிறேன் என்று அச்சகத்தார் நிச்சயம் சொல்வார்கள். வேண்டாம், நோட்டில் உள்ள அளவிலேயே இருக்கட்டும் என்று சொல்லிவிடுங்கள்.